ஒரு காலைப் பொழுதின் கனி

தவக்காலம் தொடங்கும் வேளையில்தான் நம் நாட்டில் தர்ப்பூசணியின் காலமும் களைகட்டுகின்றது. மாசி, பங்குனி வெயிலில் சிலுவைப்பாதை முடித்து இல்லம் திரும்பும் குடும்பத்தார், சாலையோரக் குவியலருகே நின்று, ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிச் செல்வதை எல்லாப் பங்குகளிலும் காணலாம். 2025ஆம் ஆண்டிலோ அக்குவியல்களின் அருகே நிற்பாரில்லை. பழத்தின் செந்நிறம் இயற்கையானதன்று, ஊசி வழியே சாயம் ஏற்றப்பட்டிருக்கலாம் என்னும் எச்சரிக்கை சென்னையில் உணவுப் பாதுகாப்புப் பணியினர் தரப்பிலிருந்து வெளிவந்தது. அது கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. 'இருக்கலாம்' என்பது இரண்டே நாளில் 'இருக்கின்றது' என்றாயிற்று.

விலை சரிந்தது. திண்டிவனம், மரக்காணம், செங்கல்பட்டு வட்டாரங்களில் பழம் முற்றியிருந்த நேரம் அது. நெல்லாயின் குதிரில் கொட்டி வைக்கலாம், மிளகாயாயின் உலர்த்தி வைக்கலாம், தர்ப்பூசணி காத்திருக்காது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று கண்ட விவசாயிகள் பழங்களைக் கொடியிலேயே விட்டனர். ஆடுமாடுகளுக்கு வெட்டிப் போட்டவரும் உண்டு. குத்தகை நிலத்தில், கடன் வாங்கிய பணத்தில், எழுபது எண்பது நாள் உழைத்தவர்கள் அவர்கள். வேளாண் அறிஞர்கள் அச்செய்தியை மறுத்துரைத்தனர். விவசாயிகள் கூடி முறையிட்டனர். ஆயினும் மறுப்பு நடந்து வருவதற்குள் வதந்தி ஓடிக் களைத்து உறங்கியும் விட்டது. எட்டாம் கட்டளையை நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கின்றோம். வந்த செய்தியை ஆராயாமல் மற்றவர்க்கு அனுப்புவதும் அக்கட்டளைக்குள் அடங்கும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

இன்றும் நம் தாய்மார் பலர், "இந்தப் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. இதற்கு 'கொடுக்கலாம்' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் நம்மை நம்புங்கள் என்று சொல்வதைவிட, அப்பழம் எவ்வாறு உருவாகின்றது என்று வயலுக்கே சென்று காண்பது மேல். கண்டவர் எளிதில் ஏமாறமாட்டார்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தர்ப்பூசணி, தண்ணீர்ப்பழம், கோசாப்பழம் என்பன எல்லாம் ஒன்றே. ஈழத்து உடன்பிறப்புகள் இதனை வத்தகப்பழம் என்பர். முலாம்பழமும் கிர்ணிப்பழமும் வேறு. அவை மணமுள்ளவை, நடுவில் விதைக்குழி கொண்டவை. பூசணி, சுரை, பாகல், பீர்க்கு ஆகியவற்றோடு இவையனைத்தும் ஒரே பெருங்குடும்பத்துக் கொடிகள். அக்குடும்பத்துள்ளும் கிளைகள் உண்டு. நம் கிராமத்துச் சந்தைகளில் கோடையில் வரும் வெள்ளரிப்பழத்தை எடுத்துக் கொள்ளுங்கள்: பழுத்தவுடன் தோல் வெடித்து, மாவாய் உதிர்ந்து, நாட்டுச் சர்க்கரை தூவி உண்ணப்படுவது. பெயரால் அது வெள்ளரி. பிறப்பால் அது முலாம்பழத்தின் இனம். சமையலுக்கும் பச்சடிக்கும் நறுக்கும் வெள்ளரிக்காய் மற்றோர் இனம்.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று, திருவிவிலியத்திலும் இருக்கின்றது. பாலைநிலத்தில் மன்னாவைத் தின்று சலித்த இஸ்ரயேலர், எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரியையும் கொம்மட்டியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து மோசேயிடம் அழுததை எண்ணிக்கை நூல் 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அந்த 'வெள்ளரி' நாம் அறிந்த வெள்ளரிக்காய் அன்று என்று தாவர வரலாற்றாசிரியர் கூறுவர். வெள்ளரிக்காயின் தாயகம் நம் இமயமலை அடிவாரம்; அக்காலத்து எகிப்தியர் அதனை அறியார். அவர்கள் உண்டது முலாம் இனத்தைச் சேர்ந்த நீண்ட காய், நம் வெள்ளரிப்பழத்துக்கு நெருங்கிய உறவு. அடுத்து வரும் கொம்மட்டியோ நம் தர்ப்பூசணியே என்பது பலர் துணிபு. ஆகவே அப்பாலைவன மக்கள் ஏங்கி அழுத பட்டியலில் இரண்டு பொருள்கள், மாசி பங்குனியில் நம் தெருவில் விற்கும் பொருள்களே. அவர்கள் அழுகையை இனிச் சற்று இரக்கத்தோடு வாசிக்கலாம்.

பெயர் என்றதும் மற்றொரு கதை நினைவுக்கு வருகின்றது; சொல்லாமல் விட மனமில்லை. இறைவாக்கினர் யோனாவுக்கு நிழல் தந்து ஒரே நாளில் பட்டுப்போன செடியைப் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு 'சுரைக்கொடி' என்றது. புனித எரோணிமுஸ் எபிரேய மூலத்தைப் பார்த்து, அதனை வேறு கொடியின் பெயரால் மொழிபெயர்த்தார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் நகரில், இன்று திரிப்போலி எனப்படும் ஊரில், ஆயர் ஒருவர் அப்புதிய மொழிபெயர்ப்பை ஆலயத்தில் வாசிக்கச் செய்தபோது மக்கள் கொதித்தெழுந்தனர். தம் மந்தையையே இழக்கும் நிலைக்கு அவர் வந்தார். புனித அகுஸ்தினார் 403ஆம் ஆண்டில் எரோணிமுசுக்கு எழுதிய கடிதத்தில் இதனை வருத்தத்தோடு குறிப்பிடுகின்றார். அச்செடி ஆமணக்கு என்பதே இன்று பலர் முடிவு. சுரைக்கொடிக்காக ஓர் ஊர் இத்துணைப் பரிந்து பேசியது வேறெங்கும் நடந்திராது!

தர்ப்பூசணியின் தாய்நாடு ஆப்பிரிக்கா. சூடான் நாட்டின் கொர்தோபான் பகுதியில் வளரும் வெண்சதை கொண்ட, கசப்பில்லாத ஒரு கொம்மட்டியே இதற்கு மிக நெருங்கிய உறவு என்று 2021ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. கிறிஸ்து பிறப்பதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்னர் இறந்த துத்தன்காமூன் என்னும் எகிப்திய மன்னனின் கல்லறையில் இதன் விதைகள் இருந்தன. வறண்ட நிலத்தில் நீரைச் சேமித்து வைக்கும் குடம்போல முதலில் இது மதிக்கப்பட்டது. இனிப்புக்காக மதிக்கப்பட்டது பிற்பாடு.

இதன் உறவினருள் ஒருவர் மிகக் கொடியவர். நம் மணற்பாங்கான தரிசுகளில் படரும் பேய்க்குமட்டி, ஆற்றுத்தும்மட்டி என்றும் சொல்வர், தர்ப்பூசணிக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. காய் ஆரஞ்சுப் பழ அளவு. கசப்போ நாவில் வைக்க முடியாதது. மிகுதியாக உட்சென்றால் குடலைப் புரட்டி உயிருக்கே ஊறு செய்யும். இறைவாக்கினர் எலிசாவின் காலத்துப் பஞ்சத்தில், ஒருவர் காட்டுக்கொடியின் காய்களை அறியாமல் பறித்து வந்து கூழில் இட, உண்டவர் 'பானையில் சாவு' என்று அலறினர் என்னும் வரலாறு அரசர் இரண்டாம் நூல் 4ஆம் அதிகாரத்தில் உள்ளது. அக்காய் பேய்க்குமட்டியே என்பர். எலிசா மாவைத் தூவிப் பானையை நலமாக்கினார். நாம் அச்செயலைப் பின்பற்ற முயலவேண்டாம். சுரையோ வெள்ளரியோ தர்ப்பூசணியோ எதுவாயினும், வழக்கத்திற்கு மாறாகக் கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிடுக. அக்குடும்பத்தின் பழைய நஞ்சு அதில் தலைகாட்டியிருக்கின்றது என்பது பொருள்.

இனி வயலுக்குள் செல்வோம். விதைத்து ஒரு மாதம் கடந்ததும் கொடியில் மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றுகின்றன. முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை பூத்து உதிர்வதைக் கண்டு புதிய விவசாயி கலங்குவார். கலங்க வேண்டா. சில நாள் கழித்துப் பெண் பூக்கள் வரும். அடையாளம் மிக எளிது: பெண் பூவின் இதழ்களுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு குட்டித் தர்ப்பூசணி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவின் கீழே வெறும் காம்புதான். ஏறத்தாழ ஏழு ஆண் பூவுக்கு ஒரு பெண் பூ என்ற கணக்கில் இவை வருகின்றன. வெப்பம் மிகுந்தால் ஆண் பூக்களே மிகும். அதனால்தான் வெயில் முற்றுவதற்கு முன்னரே பூப்பருவம் அமையுமாறு விதைக்கின்றனர்.

அந்தப் பெண் பூவின் வாழ்நாள் எவ்வளவு? ஒரு காலைப் பொழுது. ஞாயிறு எழுந்த சிறிது நேரத்தில் இதழ் விரிக்கும், பிற்பகலில் மூடிவிடும், மறுநாள் திறப்பதில்லை. அச்சில மணி நேரத்துள் ஆண் பூவின் மகரந்தம் அதனை வந்தடைய வேண்டும். இம்மகரந்தம் கனமும் பிசுபிசுப்பும் உடையது. நெல்லின் மகரந்தம்போல் காற்றில் பறந்து செல்லாது. தேனீ சுமந்து வந்தால்தான் உண்டு; இல்லையேல் அந்தக் குட்டிக் காய் மஞ்சளித்து, சுருங்கி, உதிர்ந்துவிடும்.

ஒரு தேனீ ஒருமுறை வந்தால் போதுமா? போதாது. பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கின்றது. மூன்றின்மீதும் மகரந்தம் பரவவேண்டும். பழத்துள் நூற்றுக்கணக்கான விதைகள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. நல்ல வடிவான ஒரு பழத்திற்கு ஐந்நூறு முதல் ஆயிரம் துகள்கள் வேண்டும் என்றும், அவை சேர்வதற்குத் தேனீக்கள் எட்டு முறையேனும் அப்பூவுக்கு வந்து செல்லவேண்டும் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ஒரு மடல் மட்டும் பட்டினி கிடந்தால் பழம் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிவிடும். சந்தையில் கோணிய பழத்தைக் கண்டால், அதன் பூ மலர்ந்த காலையில் தேனீ குறைவாக வந்தது என்று கொள்க.

எட்டுப் பயணங்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஆயிரக்கணக்கான கொடிகள். ஒவ்வொன்றிலும் நாளும் மலரும் பூக்கள். எல்லாவற்றையும் சுற்றி வருவன நம் அடுக்குத் தேனீயும், புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீயும், மலைத்தேனீயும், சுவர்ப்பொந்தில் வாழும் கொசுத்தேனீயுமே. இவற்றுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை, கணக்கில் எழுதுவதுமில்லை. அடுக்குத் தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்க்கும் கலையைத் தென்னாட்டில் பரப்பியவர் ஒரு குரு என்பதை நம் வாசகர் அறிந்து மகிழலாம். அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றுவித்தார். மேனாட்டுப் பெட்டி நம் சிறிய தேனீக்குப் பெரிதாக இருந்தமையால், அதன் உடலுக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்ற சிறு பெட்டி ஒன்றை அமைத்தார். 'நியூட்டன் பெட்டி' என்று இன்றும் அது வழங்குகின்றது. தர்ப்பூசணி வயலின் ஓரத்தில் இத்தகைய பெட்டிகள் சிலவற்றை வைத்தால் காய்ப்பிடிப்பு மிகும், தேனும் கிட்டும்.

இங்கே விவசாயிகளான நம் வாசகர்க்கு ஒரு சொல். பூசணி வண்டுக்கும் இலைப்பேனுக்கும் பழ ஈக்கும் அஞ்சி மருந்து தெளிக்கின்றீர்கள். தெளிக்க வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் கூலியாள் காலையில்தான் வருவார் என்பதற்காகப் பூ விரிந்திருக்கும் காலையில் தெளிப்பது, வேலைக்கு வந்த ஆளை வாயிலிலேயே அடித்து விரட்டுவதற்கு ஒப்பாகும். பூக்கள் மூடிய பின், மாலையில் தெளியுங்கள். பூப்பருவத்தின் அந்த இரண்டு மூன்று வாரம் எவ்வளவு குறைவாகத் தெளிக்க முடியுமோ அவ்வளவு நன்று. பூச்சி விழுந்த இளங்காயைப் பறித்து ஆழப் புதைப்பது பழ ஈக்கு நல்ல மருந்து, செலவும் இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் இரண்டொரு கொடி வைத்திருக்கும் இல்லத்தரசியர், தேனீ வரவில்லை என்று கண்டால், தாமே அப்பணியைச் செய்யலாம். காலை ஒன்பது மணிக்கு முன் புதிதாக மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தப் பையைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெல்லத் தடவுங்கள். பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள். நான்கைந்து நாளில் காய் பருத்துத் தலைகவிழ்வதை அவர்களே வந்து உங்களிடம் கூறுவார்கள்.

விதையில்லாத் தர்ப்பூசணிக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் எண்ணுவர். அதற்கும் உண்டு. ஜப்பானிய அறிஞர் கிஹாரா உருவாக்கிய முறைப்படி, இருமடங்கு நிறக்கோல்கள் கொண்ட சாதாரணக் கொடியையும் நான்மடங்கு கொண்ட கொடியையும் இணைத்து மும்மடங்குக் கொடி பெறப்படுகின்றது. அதன் விதைகள் முதிர்வதில்லை. எனினும் மகரந்தம் படாமல் அதன் காய் பருப்பதில்லை; அதன் சொந்த மகரந்தமோ பயனற்றது. ஆகவே அவ்வயலில் விதையுள்ள கொடிகளையும் இடையிடையே நட்டு, தேனீக்களை வரவேற்றுத்தான் ஆகவேண்டும்.

இப்பொழுது அந்தச் செந்நிறத்திற்கு வருவோம். இளங்காயை வெட்டினால் உள்ளே வெள்ளை. முதிர முதிர, சதையின் உயிரணுக்களுக்குள் லைக்கோபீன் என்னும் நிறப்பொருள் உருவாகின்றது. தக்காளியைச் சிவக்கச் செய்வதும் இதுவே. தாத்தாமார், "எங்கள் காலத்தில் பழம் இப்படி இரத்தச் சிவப்பாய் இருந்ததில்லை" என்கின்றனர். அவர்கள் சொல்வது உண்மையே. அன்று பயிரான நாட்டு வகைகள் வெளிறிய சதையுடையவை. பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த 'சுகர் பேபி', பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் 'அர்கா மாணிக்', அவற்றையடுத்து வந்த வீரிய ஒட்டு வகைகள் யாவும் அடர்ந்த சிவப்புக்காகவும் இனிப்புக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நிறம் மாறியது விதையால், ஊசியால் அன்று.

ஊசியால் முடியுமா என்றும் பார்ப்போம். தர்ப்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். ஆனால் அது குடத்து நீர்போல் ஒன்றாய்த் தேங்கி நிற்பதன்று. எண்ணற்ற சிறு உயிரணுப் பைகளில் தனித்தனியே அடைபட்டிருப்பது. சாயநீரைச் செலுத்தினால் அது துளையைச் சுற்றி ஒரு கறையாய் நிற்கும். பழம் முழுவதும் சீராய்ப் பரவ வழியில்லை. துளை வழியே நுண்ணுயிர்கள் புகுந்து, அந்த வெயிலில் பழம் விரைவில் புளித்துவிடும். பல்லாயிரம் பழங்களை ஒவ்வொன்றாய்க் குத்திக் கெடுத்து விற்கும் வணிகன் உலகில் இருந்தால் அவன் ஏமாற்றுக்காரன் அல்லன், பேதை. வெட்டிய துண்டின்மேல் வெள்ளைத் தாளை ஒற்றினால் செம்மை படிகின்றதே என்பர். சாற்றோடு அதன் இயற்கை நிறத்துகள்களும் வெளிவரும். தக்காளியை ஒற்றினாலும் படியும்.

"நடுவில் பிளந்து குழியாய் இருந்ததே, வெள்ளை நரம்புகள் ஓடினவே, அது மருந்தின் வேலை அல்லவா?" இந்த வினாவும் பரவலாக உண்டு. வெள்ளை நரம்புகள் பழத்திற்கு உணவு கொண்டு செல்லும் குழாய்கள். நடுப்பிளவோ மகரந்தம் போதாமையாலும், வளர்ச்சியின் வேகத்தில் ஏற்படும் ஏறுமாறாலும் வருவது. அதாவது, நாம் சாயமென்று சந்தேகித்த அந்தப் பிளவு, பெரும்பாலும் தேனீ வராத காலையின் தழும்பு. 17ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த ஜொவான்னி ஸ்தான்கி என்னும் ஓவியர் வரைந்த படம் ஒன்றில், வெட்டி வைத்த தர்ப்பூசணியின் உள்ளே இத்தகைய சுழிகளும் பிளவுகளும் வெளிறிய சதையும் தெளிவாகத் தெரிகின்றன. மருந்தேற்றும் ஊசி வந்ததே 19ஆம் நூற்றாண்டில்!

பழத்தில் உண்மையான இடர் எதுவும் இல்லையென்று நாம் கூறவில்லை. இருக்கின்றது, ஆனால் வேறிடத்தில். மண்மீது கிடந்து வளரும் பழத்தின் தோலில் மண்ணின் கிருமிகளும் இருக்கும்; கழுவாமல் கத்தியை இறக்கினால் அக்கிருமிகள் கத்தியோடு சதைக்குள் இறங்கும். இனிப்பும் ஈரமும் நிறைந்த அவ்விடத்தில் அவை விரைந்து பெருகும். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் பண்ணையொன்றின் முலாம்பழங்களில் பரவிய கிருமியால் 33 பேர் இறந்தனர். ஆகவே முழுப் பழமாக வாங்குங்கள்; வெட்டுமுன் ஓடும் நீரில் தோலைத் தேய்த்துக் கழுவுங்கள்; வெட்டியதை அன்றே உண்ணுங்கள். ஈ மொய்க்கும் தட்டில் காலை முதல் வெட்டி வைத்த கீற்றுகளைப் பற்றி எவரும் கைப்பேசியில் எச்சரிக்கை அனுப்பக் காணோம், அஞ்சத்தக்கது அதுவே.

பயிரிட விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மணல் கலந்த, நீர் தேங்காத நிலம் வேண்டும். ஆற்றுப்படுகை மண் சிறந்தது. களிமண்ணில் வேர் மூச்சுத் திணறும். பனி குறைந்து மண் சூடேறும் தை மாதம் விதைக்க ஏற்றது. வரிசைக்கு வரிசை எட்டடியும் குழிக்குக் குழி மூன்றடியும் விட்டு, குழியில் மக்கிய தொழுவுரம் இட்டு, நான்கைந்து விதைகளை ஊன்றி, இரண்டு வாரத்தில் வலிய நாற்றுகள் இரண்டை விட்டு மற்றவற்றைக் களையுங்கள். நீரை வேரருகே கொடுங்கள். இலைமீது ஊற்றினால் நோய் பெருகும். ஒரு கொடியில் இரண்டு மூன்று காய்களுக்கு மேல் விட்டால் எல்லாம் சிறுத்துப் போகும். காய்களின் அடியில் வைக்கோல் பரப்புக. இனிப்பைச் சமைப்பது இலையே ஆதலின், கடைசி வாரத்தில் இலைகள் நோயுற்றால் பழம் சிவந்திருந்தும் சப்பென்றிருக்கும். பழம் முற்றும் தறுவாயில் தண்ணீரைக் குறைத்துக் கொள்ளுங்கள். மிகுதியாகப் பாய்ச்சினால் சுவை குன்றும், பழம் வெடிக்கும்.

பறிக்கும் நாளை அறிவதுதான் கைவந்தவரின் கலை. பூ மலர்ந்து முப்பது முதல் நாற்பது நாளில் பழம் முற்றுகின்றது. காம்பருகே உள்ள பற்றுச்சுருள் காய்ந்து பழுப்பாகும். தரையில் படிந்திருந்த பக்கம் வெண்மை மாறி வெண்ணெய் மஞ்சளாகும். தட்டினால் கணீரென்ற ஒலி போய்த் தாழ்ந்த ஒலி எழும். இந்தக் கடைசி அடையாளத்தைச் சந்தையில் எல்லாரும் செய்து பார்க்கின்றனர், அறிந்து செய்பவர் சிலரே. வாங்குவோர் தட்டுவதை விடுத்து, பழத்தைப் புரட்டி அந்த மஞ்சள் தழும்பைப் பார்ப்பது நலம். அவசரப்பட்டுப் பறித்த தர்ப்பூசணி வீட்டில் வைத்தால் இனிக்கும் என்று காத்திருப்பது வீண்; கொடியை விட்டபின் அதற்கு இனிப்பு ஏறாது.

முலாம்பழம் இவ்வகையில் தாராளமானது. வலைபோன்ற தோலுடைய வகைகள் முற்றியதும் காம்பிலிருந்து தாமே கழன்று கொள்ளும், மணமே அறிவித்துவிடும். இவ்வினத்தில் மேனாட்டார் போற்றும் ஒரு வகைக்குப் பெயர் தந்தது உரோமைக்கு அருகே திருத்தந்தையரின் தோட்டம் இருந்த கந்தலுப்போ என்னும் ஊர் என்பர்.

வெள்ளரிப்பழ விதையை நம் கிராமத்து வீடுகளில் இன்றும் சாம்பலில் புரட்டி உலர்த்தி, அடுத்த ஆண்டுக்கென எடுத்து வைக்கின்றனர். கடையில் வாங்கும் வீரிய ஒட்டுப் பழத்தின் விதையை இவ்வாறு எடுத்து ஊன்றினால் தாயைப் போன்ற பிள்ளை வராது. நாட்டு வெள்ளரிப்பழத்தில் வரும். ஆனால் வெள்ளரிப்பழமும் முலாம்பழமும் ஓரினம் என்றோம் அல்லவா? இரண்டும் அடுத்தடுத்த பாத்தியில் இருந்தால், தேனீ இரண்டையும் ஒன்றாகவே நடத்தும். அவ்வாண்டுப் பழத்தின் சுவை மாறாது, விதையில் கலப்பு ஏறிவிடும். விதைக்கென விடும் கொடிகளைத் தொலைவில் வையுங்கள். அதற்கு இடமில்லையெனில், நாளை மலரப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முன்மாலையிலேயே மெல்லிய நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்து, மகரந்தத்தை நீங்களே தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். அந்தக் காயின் காம்பில் ஒரு வண்ணத் துணித்துண்டை அடையாளமாகக் கட்டி வைத்தால், பறிக்கும்போது பிள்ளைகள் தவறுதலாகத் தின்றுவிடாமல் காக்கலாம்.